ரேடியோ ஃபேனும் ரைஸ் மில்லும்

போன மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி. டில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டின் இரண்டாவது பெட்ரூம். (பெட்ரூம் என்பது வாடகை ஒப்பந்தத்தில் மட்டும்தான். உள்ளே இருப்பது ஒரு மேசை, நாலு வயர், ஒரு பேட்டரி, அப்புறம் நான்.) நாற்பது மீட்டர் பாண்டில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் கிடைத்தார். சிக்னல் அருமை. வானிலை, காபி, முழங்கால் வலி என்று வழக்கமான உலக விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க ஓஎம், ரைஸ் மில்லுக்குள்ள உக்காந்து பேசறீங்களா?"

(ஹாம் ரேடியோக்காரர்கள் ஒருவரை ஒருவர் ஓஎம் என்றுதான் கூப்பிடுவோம். கிழவா என்பதன் மரியாதையான வடிவம்.)

ரைஸ் மில் இல்லை. என் ரேடியோவின் பின்பக்கத்து ஃபேன். ஆறு மாதமாக கர்ர்ர் என்று அது போட்டுக்கொண்டிருந்த சத்தத்துக்கு என் காது பழகிவிட்டது. தங்கமணியின் காது பழகவில்லை. "ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று ஏற்கெனவே இரண்டு முறை எச்சரிக்கை வந்திருந்தது. இப்போது 2000 கிலோமீட்டர் தள்ளியிருந்தும் புகார்.

இந்த ஃபேனைச் சரி செய்த கதையைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் கதைக்காக எழுதவில்லை. ஒரு சின்ன சத்தத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அது சொல்லவேண்டிய கருத்து என்று நினைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. நான் பொழுதுபோகாமல் ஹாம் ரேடியோவுக்கு வந்தவன் இல்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளியூரில் இருந்த தமிழர்கள் எவருக்கும் மறக்காது. அப்பா அம்மா மேற்குத் தாம்பரத்துக்குப் பக்கத்தில் முடிச்சூரில் இருந்தார்கள். செல்போன் போகவில்லை. லேண்ட்லைன் போகவில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு, மளிகைக்கடை என்று எந்த எண்ணும் எடுக்கவில்லை. டிவியில் முடிச்சூரைக் காட்டும்போதெல்லாம் நம்ம தெரு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் யாரோ ஒரு பையனின் போனில் இருந்து அப்பா பேசினார். மொட்டை மாடியில் இருந்தார்களாம். "பால் பாக்கெட்தான் கிடைக்கலை" என்றார். அவ்வளவுதான்.

அந்த இரண்டு நாள் என்னை என்னவோ செய்துவிட்டது. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் ஹாம் ரேடியோவுக்காகப் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும், தொலைபேசி எல்லாம் அறுந்துபோன அந்தமானிலிருந்து செய்திகளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது பற்றி அப்போதுதான் படித்தேன். பரீட்சை எழுதினேன், உரிமம் வாங்கினேன், ரேடியோ வாங்கினேன். நான் டில்லியில் ரேடியோ வைத்திருந்தால் முடிச்சூரில் இருக்கும் அப்பாவிடம் நேராகப் பேசிவிட முடியாது என்பது தெரியும். ஆனால் தாம்பரத்தில் ஒருவர், செங்கல்பட்டில் ஒருவர் என்று நாலு பேர் பழக்கமாக இருந்தால், போன் செத்த நாளில் "அந்தத் தெருவை ஒரு எட்டு பாத்துட்டு சொல்லுங்க" என்று கேட்க முடியும். ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவது அந்த நாளுக்காகத்தான்.

தங்கமணிக்கும் இது தெரியும். அதனால்தான் ரேடியோவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சத்தத்தை நிறுத்தத்தான் சொன்னாள்.

நான் நிறுத்தினேன். எப்படி? மேல்மூடியைக் கழற்றி ஃபேனின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டேன்!

அடடா, என்ன அமைதி. வீட்டில் நிம்மதி. தங்கமணியே காபி கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று நாள் நானும் பெருமையாக இருந்தேன். காதில் வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தால் ரேடியோ அதிகம் சுடாது. பேசினாலும் குறைவான சக்தியில், விட்டு விட்டுப் பேசினேன். ஒன்றும் ஆகவில்லை. நாலாம் நாள் ராத்திரி எஃப்டி8 போட்டேன். அது கம்ப்யூட்டர் மூலம் அனுப்பும் முறை. 2017ல் வந்தது. ஒன்று விட்டு ஒரு 15 விநாடிச் சுற்றில் சுமார் 12.6 விநாடி இடைவிடாமல் ஒலிபரப்பும். நாம் பேசும்போது மூச்சு விடுவோம், யோசிப்போம், ரேடியோவும் இளைப்பாறும். ஒலிபரப்பும் சுற்றில் எஃப்டி8க்கு மூச்சே கிடையாது.

பத்து நிமிடத்தில் வெளிவரும் சக்தி தானாகக் குறைய ஆரம்பித்தது. ஒரு மாதிரி சூடான வார்னிஷ் வாசனை. பிளஸ் ஒன் படிக்கும் என் பையன் தண்ணீர் குடிக்க வந்தவன், ரேடியோவின் பின்பக்கம் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான்.

"அப்பா, இது தோசைக்கல் மாதிரி இருக்கு."

நல்லவேளை, உள்ளே இருந்த பாதுகாப்புச் சர்க்யூட் தன் வேலையைச் செய்தது. இல்லையென்றால் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர்கள் போயிருக்கும். அது போனால் கிட்டத்தட்ட ரேடியோவே போன மாதிரி.

பையன் கேட்டான்: "எவ்ளோ ஹீட் வரும்ப்பா?" இருவரும் கணக்குப் போட்டோம். 13.8 வோல்ட், சுமார் 20 ஆம்பியர். பெருக்கினால் 276 வாட். ஆன்டெனாவுக்குப் போவது 100 வாட். மீதி 176 வாட்? அத்தனையும் சூடு. வீட்டில் இருக்கும் சாலிடரிங் அயர்ன் 25 வாட். அது மாதிரி ஏழு சாலிடரிங் அயர்னை ஒரு டிபன் கேரியர் அளவுப் பெட்டிக்குள் சொருகி மூடிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நான் செய்தது. அதிலும் டில்லி மே மாதத்தில் அறையே 38 டிகிரி இருக்கும்போது.

சத்தத்தை நிறுத்துவது வேறு, சத்தத்தின் காரணத்தை நிறுத்துவது வேறு. இந்த ஒரு வரிப் புத்தி வர எனக்கு நாலு நாள் ஆயிற்று.

கனெக்டரைத் திரும்பச் சொருகிவிட்டு, ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே ரேடியோவைத் திறக்கக்கூட இல்லை. "ஃபேன் தனியா வராது சார், பின்பக்க அசெம்ப்ளி முழுசா மாத்தணும். ஆறாயிரத்துச் சொச்சம் ஆகும். ஆறு வாரம் ஆகும். பேசாம புது மாடல் பாருங்களேன்" என்றார்கள். சோப்பு டப்பாவில் பாதி கூட இல்லாத ஃபேனுக்காகப் புது ரேடியோ! வீட்டுக்கு வந்து புலம்பினேன்.

அப்போது தங்கமணி சொன்னதுதான் திருப்பம். "மிக்ஸி சத்தம் மாறினா ஜார் புஷ் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதுக்காக மிக்ஸியவா மாத்தறோம்? புஷ்தானே மாத்தறோம்? முதல்ல எங்கேருந்து சத்தம் வருதுன்னு பாருங்க."

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள் நாள் முழுக்கக் காதால்தான் சமையலறையை நடத்துகிறார்கள். குக்கர் விசில் இழுத்து வந்தால் வெயிட்டில் அடைப்பு. கிரைண்டர் முனகினால் மாவு கெட்டி. கடுகு வெடிக்கும் சத்தத்தில் எண்ணெயின் சூடு தெரியும். பொறியியல் பட்டம் வாங்கிய நான் அதே காதைப் பொத்திக்கொள்ளத்தான் பார்த்தேன்.

பழைய நாள்காட்டித் தாளை நீளக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறு முனையைப் பெட்டியின் ஒவ்வொரு இடத்திலும் வைத்துக் கேட்டோம். தங்கமணி இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டாள்: சத்தம் ஒன்றில்லை, இரண்டு. கர்ர்ர் என்பது ரேடியோவின் ஃபேன். அடியில் இருந்த பவர் சப்ளையில் இருந்து ட்ட்ட்ட் என்று இன்னொன்று. அது ஃபேனே இல்லை, மேல்மூடியின் ஒரு திருகாணி தளர்ந்து தகடு அதிர்கிறது. திருகினேன், நின்றது. செலவு பூஜ்யம். (பவர் சப்ளையை நான் உள்ளே திறக்கவில்லை. நம் 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பழக்கம் இல்லாதவர்கள் அங்கே கை வைக்க வேண்டாம்.)

அடுத்து ரேடியோ. மின் இணைப்பை எடுத்துவிட்டு, நாலு திருகாணி கழற்றி, ஃபேனைக் கையில் எடுத்தோம். டில்லித் தூசி பற்றி டில்லிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே மாதத்தில் ஆந்தி என்று புழுதிப் புயல் ஒன்று அடிக்கும், மூடிய ஜன்னலுக்கு உள்ளேயும் மேசையில் பெயர் எழுதலாம். இறக்கைகளின் ஓரத்தில் அந்தத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஒரு இறக்கையில் அதிகம், ஒன்றில் கம்மி. எடை சமமில்லாவிட்டால் ஆடத்தானே செய்யும்? பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தோம். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங்குக்கு ஆகாது.

பின்பக்க ஸ்டிக்கரை உரித்தால் நடுவில் அச்சு தெரிந்தது. காய்ந்து கறுத்துப் போயிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். தங்கமணி பாத்ரூமில் இருந்து தேங்காய் எண்ணெய் எடுத்துவந்தாள். பையன் தடுத்தான். "அம்மா, டிசம்பர்ல பாட்டில்லயே உறைஞ்சுடுது, ஃபேனுக்குள்ள உறையாதா?" சரியான பேச்சு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டிப்படும். ஊரில் அப்பா டேபிள் ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறேன். நாளாக ஆகப் பிசின் மாதிரி ஆகிவிடும், அப்புறம் அதையும் சுரண்டுவார். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அப்போதைக்கு வழுக்கும், சீக்கிரம் ஆவியாகிப் போய்விடும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. ஒரே சொட்டு. இரண்டாவது சொட்டு வழிந்து ஸ்டிக்கரை ஒட்டவிடாது.

பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நாலு வாஷர் செய்து, திருகாணிகளுக்கு அடியில் போட்டு மாட்டினோம். ஃபேனின் அதிர்வு பெட்டிக்குப் போகாமல் ரப்பர் வாங்கிக்கொள்ளும். இறக்கைக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு வயரையும் இழுத்துக் கட்டினோம். போட்டால்... சத்தமே இல்லை. கோயமுத்தூர்க்காரர் "மில்லை மூடிட்டீங்களா?" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எண்ணெயின் மகிமை என்று எழுதியிருப்பேன். பன்னிரண்டே நாள். மறுபடியும் கர்ர்ர். புஷ் ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தது. விரலால் இறக்கையை அசைத்தால் பக்கவாட்டில் ஆடியது. ஆடும் பல்லுக்கு எண்ணெய் என்ன செய்யும்?

செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனேன். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். கடைக்காரர் என் பழைய ஃபேனைக் கையில் வாங்கி, காதுக்குப் பக்கத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "புஷ் வாலா சாஹியே, யா பேரிங் வாலா?" என்றார். ஆறாயிரம் சொன்ன இடத்தில் யாரும் கேட்காத கேள்வி இது! புஷ் வைத்தது ஆரம்பத்தில் அமைதியாக இருக்கும், சூட்டில் சீக்கிரம் காயும். பால் பேரிங் கொஞ்சம் முனகும், ஆனால் சூட்டைத் தாங்கி அதிக நாள் உழைக்கும். பேரிங் வாலா வாங்கினேன். அதே 60 மில்லிமீட்டர், அதே தடிமன், அதே 12 வோல்ட். 350 ரூபாய்.

"சத்தமே இல்லாத" ஃபேன் ஒன்றும் காட்டினார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே அளவு ஃபேனில் அமைதி பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துத்தான் வருகிறது. வேகம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும், காற்றும் பாதியாகிவிடும். அதை மாட்டுவது கனெக்டரைப் பாதி பிடுங்குவது மாதிரிதான். காற்றின் அளவு பழையதற்குக் குறையாமல் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று, ஃபேனில் இரண்டு வயரா மூன்று வயரா என்று பாருங்கள். மூன்றாவது வயர் ஃபேன் சுற்றுகிறதா என்று ரேடியோவுக்குச் சொல்வதற்கு. அது இருக்கிற இடத்தில் இரண்டு வயர் ஃபேனைப் போட்டால் ரேடியோ சண்டை போடலாம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்ற அம்புக்குறியையும் கவனிக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஃபேனும் ஓடும், ரேடியோவும் வேகும்.

பையன்தான் சாலிடர் செய்தான். எனக்குக் கண் தெரியவில்லை. (வயசாகிவிட்டது என்று தங்கமணி சொன்னாள். வெளிச்சம் போதவில்லை என்று நான் சொன்னேன்.) டம்மி லோடில் பத்து நிமிடம் முழு சக்தியில் ஓட்டி, கையை வைத்துப் பார்த்தோம். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

"உங்க ஒரு மணி நேர சம்பளத்துக்கு எத்தனை ஃபேன் வாங்கலாம்? இதுக்குப் போய் மூணு ஞாயித்துக்கிழமையா?" என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கு நேரம் இல்லை. வீடு மாறிக்கொண்டே இருக்கிறோம், பழையதைத் தூக்கிக்கொண்டு போவதைவிட விற்றுவிட்டுப் புதிது வாங்குவது சுலபம். எல்லாவற்றையும் நீங்களே ரிப்பேர் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. தேய்ந்துபோன ஃபேனை நானும் மாற்றத்தான் செய்தேன். பாகத்தை மாற்றுவது தப்பில்லை. பாகம் எது என்று பார்க்காமலே பெட்டியை மாற்றுவதுதான் தப்பு.

அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு நான் என்ன பெற்றேன் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். போன் சாகும் நாளில் இந்த ரேடியோதான் எனக்கு இருக்கும். அன்றைக்கு அது பத்து நிமிடம் இல்லை, பத்து மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். அதன் உள்ளே என்ன இருக்கிறது, எது முதலில் போகும், போனால் எதை வைத்துச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியாவிட்டால் அது அலமாரிப் பொம்மைதான். வெள்ளத்தின் நடுவில் ஆறு வாரம் காத்திருங்கள் என்று சொல்லும் சர்வீஸ் சென்டர் எதற்கு உதவும்? இன்றைக்கு அதைத் திறக்க என் பையனுக்கும் பயம் இல்லை. அதை 350 ரூபாய்க்குக் கடையில் வாங்க முடியாது.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. நிறுவனங்கள் உதிரி பாகம், ரிப்பேர் விவரம் எல்லாவற்றையும் மக்களுக்குத் தரவேண்டும் என்பது நோக்கம். நல்ல விஷயம். ஆனால் உரிமையை யார் கொடுத்தாலும் திருப்புளியை நாம்தான் எடுக்க வேண்டும்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இங்கேயும் நாம் லேப்டாப்புக்கும் காருக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம். போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். எங்கள் வீட்டில் அப்பா முந்தின நாளே உட்கார்ந்துவிடுவார். தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விடுவார், சைக்கிள் செயினைக் கழுவுவார், டேபிள் ஃபேனைப் பிரித்துப் போடுவார். பொட்டு வைப்பது மறுநாள்தான். நாம் முந்தின நாளை விட்டுவிட்டு மறுநாளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இந்த வருஷம் அந்த முந்தின நாளைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். ரேடியோ, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர், ஏர் கூலர், எதில் எல்லாம் ஃபேன் இருக்கிறதோ அது அத்தனையும். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று கர்ர்ர் என்று சொல்லிக்கொண்டிருக்கும். வாயைப் பொத்துவதற்கு முன்னால் என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் கேளுங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.

பி.கு.: நேற்று அப்பாவுக்கு போன் செய்து பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தேங்காண்ணெ விட்டிருந்தா ஆறாயிரமும் வேணாம், முன்னூத்தம்பதும் வேணாம்" என்றார். 24 டிகிரிக் கணக்கை விளக்க ஆரம்பித்தேன். லைன் கட்டாகிவிட்டது. கட்டாச்சா, கட் பண்ணினாரா என்று தெரியவில்லை :-)